உட்கட்டமைப்பு எண்டா டிவி காட்டுற பாலமும் ஹைவேயும் மட்டும்தானா?

செய்தியில உட்கட்டமைப்பு எண்டு சொல்லுறதெல்லாம் ஹைவே, பாலம், கோபுரம்தான், எங்கட அன்றாட வாழ்க்கையில அது என்ன எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் வெள்ளவத்தையில இருக்கிறன், கொழும்பில கண்டதை வச்சு சொல்லுறன்.

ஒண்டு ஓட வேணுமெண்டா அதுக்கு முதல் இன்னும் நாலு ஓடிக்கொண்டிருக்க வேணும். அந்தத் தொடுப்பு முழுக்கத்தான் உட்கட்டமைப்பு எண்டு நான் நினைக்கிறன். திறப்பு விழாவைப் படம் எடுக்கலாம், தொடுப்பைப் படம் எடுக்கிறது கஷ்டம், அதாலதான் செய்தியில அது வாறதே இல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுக்க கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கும். பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனில, அதாவது நாட்டு மின்வலையின்ர ஒரு துணை நிலையத்தில, ஒரு குரங்கு பாஞ்சதுதான் காரணம் எண்டு மின்சக்தி அமைச்சர் சொன்னார், அவ்வளவுதான், வெளிநாட்டு டிவி வரைக்கும் குரங்குக் கதைதான். ஆனா பாணந்துறையில ஒரு இடத்தில பிழை வந்தா முழுத்தீவுக்கும் ஏன் போகுது எண்டு கேட்ட ஆக்கள் குறைவு. மின்சார சபை பிறகு அதுக்கு விளக்கம் குடுத்தது. ஞாயிறு எண்டதால பாவனை குறைவு, நல்ல வெயில் எண்டதால சோலார் கூட, அப்ப பெரிய டர்பைன்கள் சுத்துறது குறைவு. பாரமான டர்பைன் சுத்திக்கொண்டிருந்தா எங்கயாவது ஒரு பிழை வந்தாலும் அந்த வேகமே கொஞ்ச நேரம் சிஸ்டத்தைத் தாங்கிப் பிடிக்கும், கூரையில இருக்கிற சோலாருக்கு அந்தத் தாங்குசக்தி இல்ல. அண்டைக்கு அந்தத் தாங்குசக்தி போதாமப் போய் எல்லாம் சரிஞ்சு, நுரைச்சோலை நிலக்கரி ஆலையும் நிண்டு, அதைத் திருப்பி எழுப்ப நாள் எடுக்கும் எண்டதால அடுத்தடுத்த நாளும் ஒண்டரை மணித்தியாலம் வெட்டினாங்க. சோலார் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, நல்லா வர வேணும், ஆனா அதோட சேத்து பெரிய பற்றரியும் கிரிட்டைப் பலப்படுத்துற வேலையும் வரவேணும். அதுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டாங்க.

வீட்டுக்குள்ள வந்து பாருங்க. எங்கட ஃப்ளாட்டில ரோட்டு பைப்பால வாற தண்ணி முதல்ல கீழ சம்பு எண்ட நிலத்தடித் தொட்டிக்குள்ள விழும், மோட்டர்தான் அதை மேல டாங்கிக்கு ஏத்தும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் ரோட்டில தண்ணி இருந்தது, சம்பும் நிறைஞ்சு கிடந்தது, மேல வீடுகளில பைப்பைத் திறந்தா காத்துத்தான் வந்தது, ஜெனரேட்டர் இருந்தும் டீசல் இல்ல, லிஃப்டும் இல்ல, வயசான ஆக்களுக்கு செக்கியூரிட்டி அண்ணாதான் வாளியில தண்ணி எடுத்துக்கொண்டு படியேறினார். இரவாக டவர் பற்றரி இறங்கி போன் சிக்னலும் போயிடும், நாளைக்கு எத்தின மணிக்கு வெட்டு எண்டு பாக்கவும் வழியில்ல. செய்தி ஒழுங்காத் தேவைப்படுற நேரம்தான் செய்தி வாற வழியும் அடைபட்டுது. அதே மார்ச்சில கடதாசி தட்டுப்பாட்டால தி ஐலண்ட், திவயின பேப்பர்களும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிப்பாட்டினது. அப்ப ஊடகமும் இந்தத் தொடுப்புக்குள்ள ஒரு கண்ணிதான், வெளியில நிண்டு பாக்கிற ஆள் இல்ல.

இலங்கை வானொலியை எடுங்க. தமிழ்நாட்டில ஒரு தலைமுறையே கொழும்பு ரேடியோ கேட்டு வளந்தது எண்டு சொல்லுவாங்க, அறிவிப்பாளர்களின்ர குரலைப் பற்றி இண்டைக்கும் எழுதுறாங்க, எழுதத்தான் வேணும். ஆனா அந்தக் குரலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது ஏக்கல பக்கம் இருந்த சிற்றலை ட்ரான்ஸ்மிட்டர் மாதிரியான ஏற்பாடுகள், இரண்டாம் உலகப் போரில நேச நாட்டுப் படைகள் தங்கட ஆமிக்காரருக்காக நடத்தின வானொலியின்ர சாமான் பிறகு எங்களுக்குக் கிடைச்சது. அதை இரவு பகலா ஓட்டின டெக்னீஷியன்மாரின்ர பேர் எங்கயும் இல்ல. எனக்கு இது உண்மையாவே மனவருத்தம்.

இன்னொண்டு, கட்டாத உட்கட்டமைப்பும் இருக்கு. கொழும்பின்ர சதுப்பு நிலங்கள். பெய்யிற மழை உடன ஆறு கடலுக்குப் போகாது, தலங்கம, பெத்தகான பக்கத்துச் சதுப்புக்குள்ள தேங்கி நிண்டு மெதுவா வடியும். 2010 நவம்பர் மழையில பாராளுமன்றத்தைச் சுத்தியே வெள்ளம் நிண்டது. 2018ல ஈரநிலங்களைப் பாதுகாக்கிற ராம்சர் எண்ட சர்வதேச உடன்படிக்கையின் கீழ கொழும்பை ஈரநில நகரம் எண்டு அங்கீகரிச்சாங்க, அது நல்ல விஷயம். ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2017 சித்திரைப் புத்தாண்டு அண்டைக்கு, கொழும்புக்குப் பக்கத்தில மீத்தொட்டமுல்லயில குப்பை மலை வீடுகளுக்கு மேல சரிஞ்சு முப்பது பேருக்கு மேல செத்தது. வருஷக்கணக்கா நகரத்துக் குப்பையை அந்தத் தாழ்நிலத்தில கொட்டினது, அங்க வாழ்ந்த சனம் வேண்டாம் எண்டு போராடிக்கொண்டிருந்தது. செத்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தது.

ராஜகிரிய, பத்தரமுல்ல பக்கம் காணி பாக்கிற ஆக்கள் ஹைவே எத்தின நிமிஷ தூரம் எண்டு கேக்கிறீங்க. அதோட அந்தக் காணி முதல் என்னவா இருந்தது, நிரப்பினதா, நிரப்பினா அங்க நிண்ட தண்ணி இப்ப ஆரின்ர வளவுக்குப் போகுது எண்டும் கேளுங்க.