கேளுங்க சொல்றேன்: கிராஃபைட் எப்போ விரிசல் விடும்?

கேள்வி: எங்களுக்கு நகைப்பட்டறை. தங்கம் உருக்குற கிராஃபைட் மூசைய செக்கச்செவேல்னு நெருப்புல இருந்து எடுத்து வெளிய வச்சாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா பழசாயிட்டா திடீர்னு ஒருநாள் விரிசல் விடுது. அணு உலைக்குள்ளயும் கிராஃபைட் வைக்கிறாங்களே, அங்கயும் இதே கதையா?
- வாசகர், கோவை

பதில்: கண்ணாடி டம்ளர்ல கொதிக்கிற டீய ஊத்தினா உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் அப்படியே நிக்கும், இந்த இழுபறியிலதான் உடையுது. கிராஃபைட் சூட்ட மளமளன்னு கடத்திடும், கொஞ்சமாதான் விரியும், விறைப்பும் கம்மிங்கிறதால இழுத்த இழுப்புக்கு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், இது போதாதுன்னு 2,500 டிகிரி வரைக்கும் சூடாக சூடாக வலுவும் கூடும்.

உங்க பழைய மூசையோட விளிம்ப தடவிப் பாருங்க, மெலிஞ்சு பொரபொரன்னு இருக்கும். கிராஃபைட்டுங்கிறது கார்பன்தான், காத்துல 400, 500 டிகிரி தாண்டினா அது ஆக்சிஜனோட சேர்ந்து வாயுவா போயிடும், உள்ளேயும் துளைதுளையா அரிக்கும். எடை 10 சதவீதம் குறைஞ்சாலே வலு கிட்டத்தட்ட பாதிதான். விறைப்பும் சேர்ந்து இறங்குறதால கொஞ்சம் ஈடுகட்டும், முழுசா இல்ல.

அணு உலையில கதை வேற. அணு பிளக்கும்போது பாயுற நியூட்ரான்ங்கிற துகள் மோதி, கிராஃபைட்டோட கார்பன் அணுக்கள் தங்களோட அடுக்குல இருந்து எகிறி இடையில போய் சொருகிக்கும். வேடிக்கை என்னன்னா, இதனால கிராஃபைட் முதல்ல வலுவாத்தான் ஆகுது! ஆனா விறைப்பும் ஏறிடும், சூடு கடத்துறது படுத்துடும், குறைஞ்ச வெப்பநிலையில அடி வாங்கினா பத்துல ஒரு பங்குக்கும் கீழ போகலாம். கூடுன வலுவ இது தின்னுடும், திடீர் சூட்ட தாங்குற சக்தி மொத்தத்துல குறையத்தான் செய்யும்.

பிரிட்டன்ல கார்பன் டை ஆக்சைடு ஓடுற உலைகள்ல இந்த அரிப்பு, நியூட்ரான் அடி ரெண்டும் சேர்ந்தே நடக்குது, கதிர்வீச்சே அந்த வாயுவ உடைச்சு கிராஃபைட்ட அரிக்க விடுது, அத அடக்கத்தான் கொஞ்சம் மீத்தேன் கலக்குறாங்க. 2022 ஜனவரில மூடுன ஹண்டர்ஸ்டன் பி உலையோட கிராஃபைட் கல்லுகள்ல விரிசல் வந்தது திடீர் சூட்டால இல்ல, வருஷக்கணக்கா கதிர்வீச்சுல சுருங்கினதால, அத இதோட குழப்பிக்காதீங்க.

கேள்வி: அப்போ நியூட்ரான் அடி வாங்கின கிராஃபைட்ட சூடு பண்ணி பழையபடி ஆக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: ஓரளவு ஆக்கலாம். எகிறின அணுக்கள் சூட்டுல வீடு திரும்பும், ஆனா திரும்பும்போது பிடிச்சு வச்சிருந்த சக்திய வெளிய விடும். 1957 அக்டோபர்ல இங்கிலாந்தோட விண்ட்ஸ்கேல் உலையில அந்த சக்திய வெளியேத்தத்தான் சூடேத்தினாங்க, யுரேனியம் தீப்பிடிச்சுருச்சு. கடைசில தண்ணி ஊத்தி அணைச்சாங்க, பக்கத்துல இருந்த ரெண்டாவது உலையையும் சேர்த்து மூடிட்டாங்க.