தேவா நகை என்பது என்ன? கண்ணாடிமேல் தங்கத்தை எப்படிப் பதிக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கலாமா?

கண்காட்சியில் பச்சைக் கண்ணாடிமேல் தங்க யானை ஓடுகிற பதக்கம் ஒன்றைப் பார்த்தேன், 23 கேரட் என்றார்கள், கையில் எடுத்தால் கனமே இல்லை, இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகம் என் அப்பாவுக்கும் வந்தது. கும்பகோணத்தில் நாற்பது வருடம் நகைப் பட்டறை வைத்திருந்தவர் அவர். நான் வாங்கி வந்த பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை லேசாகத் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல பொன் எங்கம்மா இருக்கு?" என்றார். அவர் தராசுக்கே போகவில்லை. கைதான் அவருக்குத் தராசு.

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நம் ஊர்க் கணக்கில், அதாவது பவுன் கணக்கில், இதைப் பார்த்தால் ஏமாந்த மாதிரிதான் தோன்றும். ஏன் என்பதற்கு வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது ராஜஸ்தானின் தென்கோடியில் உள்ள பிரதாப்கர் ஊரின் வேலை. மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டிய ஊர், 2008-ல்தான் தனி மாவட்டம் ஆனது. சுற்றுவட்டாரம் முழுக்க அபின் விளையும் பூமி; அரசு உரிமம் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். என் அண்ணன் சிஆர்பிஎஃப்-ல் இருந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற நீமச்சில் போஸ்டிங். அங்கே லீவுக்குப் போனபோது அண்ணிதான் "நகைக்காரர் வீட்டுப் பெண், இதைப் பார்க்காமல் போகலாமா?" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். தேவா என்றதும் எனக்கு இசையமைப்பாளர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அங்கே அதை 'த'வில் கொஞ்சம் மூச்சுக் காற்று சேர்த்துச் சொல்கிறார்கள். தட்டுவது என்று பொருள்படும் ஒரு சொல்லும், வெள்ளிக் கம்பியைக் குறிக்கும் 'வாடா' என்ற சொல்லும் சேர்ந்து தேவா ஆனது என்பது அந்த ஊர்க்காரர்கள் தரும் விளக்கம்.

18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த நாத்து சோனி என்ற பொற்கொல்லரிடம் தொடங்கியது இந்த வேலை என்கிறார்கள். பிரதாப்கர் ராஜா அந்தக் குடும்பத்துக்கு 'ராஜ் சோனி' என்று பட்டம் கொடுத்தாராம், இன்றைக்கும் அந்த வம்சத்தார் பெயரோடு அது ஒட்டியிருக்கிறது. அவர்களில் மகேஷ் ராஜ் சோனிக்கு 2015-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து மயங்கி, ஒருவகை எனாமல் வேலை என்றே நினைத்து எழுதி வைத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பிரதாப்கர் வேலைப்பாடுகள் இருக்கின்றன. சரி, வரலாறு போதும்.

நாங்கள் போன பட்டறை ஒரு வீட்டின் முன்னறை. ஜன்னல் ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் முன்னால் ஒரு சின்ன மரப்பலகை, அதன்மேல் அரக்கு. எனக்கு அந்த வாசனையே போதும், கண்ணை மூடினால் கும்பகோணம்தான். அந்த அரக்குமேல் தங்கத் தகடு ஒட்டியிருந்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டுகிற ரேக்கைவிடக் கனம், நாம் நகை செய்கிற தகட்டைவிட எவ்வளவோ மெல்லிசு. ஊதினால் பறக்காது, ஆனால் நகம் பட்டால் மடங்கிவிடும். அப்படிப்பட்ட தகட்டை வெறும் கையில் பிடித்துச் செதுக்க முடியாது. அரக்கு கீழே இருந்து தாங்கிக்கொள்வதால்தான் உளி இறங்குகிறது.

தகட்டின்மேல் கறுப்புப் பூசியிருந்தார்கள். பளபளக்கும் தங்கத்தில் கோடு கீறினால் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் தெரியும். முதலில் யானையின் வெளிக்கோடு. அப்புறம் அதன்மேல் போர்த்திய துணியின் கரை, கரைக்குள் பூ, அம்பாரி, பின்னால் மரம், மரத்தில் இலை. இதெல்லாம் என் கட்டை விரல் நகம் அளவு இடத்தில். அதன்பிறகு ஆரம்பிக்கிறது அசல் வேலை. யானைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற தங்கத்தையெல்லாம் நுனி உளியால் வெட்டி எடுத்துவிடுகிறார். இலைக்கும் இலைக்கும் நடுவே ஓர் எள் அளவு தங்கம். அதையும் எடுத்தாகிறது. கடைசியில் மிஞ்சுவது ஒரு ஜாலி, அதாவது வலை மாதிரி ஓட்டை ஓட்டையான தகடு. நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் அவர் முடித்தது மூன்று இலை. நடுவில் ஒரு தடவை உளியை வைத்துவிட்டு, வெட்டி விழுந்த துணுக்குகளைத் தூரிகையால் ஒரு கிண்ணத்தில் தள்ளிக்கொண்டார். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பட்டறையிலும் தரைக் குப்பையைக்கூடக் கொட்ட மாட்டார்கள். அதை வாங்கிப்போய் அரித்துத் தங்கம் எடுப்பதற்கென்றே ஆள் வருவார்.

ஆக, நம் நகையில் தங்கத்தைச் சேர்க்கச் சேர்க்க வேலை. இதில் தங்கத்தை எடுக்க எடுக்க வேலை. எடைக்கு விலை போடுகிறவர் இதைப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையைப் பார்த்திருப்பீர்கள், பரதநாட்டியத்துக்குப் போடுவது. அதில் கெம்புக் கல்லைக் குழியில் உட்காரவைத்துச் சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்தி மூடுவார்கள். வடக்கே கல் பதிக்கிற குந்தன் வேலையும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். அங்கெல்லாம் தங்கத்துக்குள் கல் இருக்கும். தேவாவில் கண்ணாடிக்குள் தங்கம் இருக்கிறது.

எப்படி உள்ளே போகிறது? சூட்டினால். வெட்டி முடித்த ஜாலியை அரக்கைச் சூடாக்கிக் கழற்றி எடுத்துச் சுத்தம் செய்து, அளவுக்கு வெட்டிய வண்ணக் கண்ணாடிமேல் வைத்து நெருப்பில் காட்டுகிறார்கள். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அதற்கு வெகு முன்பே, 700 டிகிரிப் பக்கத்திலேயே, இளகிவிடும். இளகிய கண்ணாடியில் தங்கம் தன் வடிவம் மாறாமல் மெல்ல அமிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை வெள்ளிக் கம்பிச் சட்டம் பிடித்துக்கொள்கிறது.

23 கேரட் ஏன் என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. நாம் வாங்கும் 916-ல், அதாவது 22 கேரட்டில், நூற்றில் எட்டுப் பங்குக்கு மேல் செம்பு, வெள்ளி மாதிரி வேறு உலோகம். செம்பு அதிகமானால் நெருப்பில் கறுக்கும், தகடும் விறைப்பாகும். கண்ணாடி ஆறும்போது ஒரு அளவு சுருங்கும், தங்கம் அதைவிட அதிகமாகச் சுருங்கும். தகடு விறைப்பாக இருந்தால் ஒன்று அது பெயர்ந்து வரும், இல்லையென்றால் கண்ணாடியில் விரிசல் விழும். மெல்லிசாக, மென்மையாக இருந்தால் தங்கம் கண்ணாடியின் இழுப்புக்கு வளைந்து கொடுத்துவிடும். ஆறவைப்பதிலும் அவசரம் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் ஒரு மாத வேலை ஒரு சத்தத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சூட்டு விஷயத்தை நான் பார்த்து எழுதவில்லை, கேட்டும் படித்தும் எழுதுகிறேன். நெருப்பு வேலை என்றதும் அவர் எங்களை "பஹன்ஜி, சாய் குடியுங்கள்" என்று உள்ளறைக்கு அனுப்பிவிட்டார். மரியாதையாகத்தான். ஆனால் கதவு சாத்தப்பட்டது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்த நிறம் வந்தால் எடுப்பது என்பதுதான் அந்தக் குடும்பங்களின் சொத்து. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் கல்யாணமாகிப் போகும்போது வித்தையும் கூடவே போய்விடும் என்பது பழைய வழக்கம். எனக்கு இதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது. ரகசியம் எதுவும் இல்லாத எங்கள் பட்டறையிலும் எனக்குக் கணக்கு நோட்டுதான் கொடுத்தார்கள், ஊதுகுழல் கொடுக்கவில்லை. அது வேறு கதை.

கண்ணாடிக்கு அடியில் வெள்ளித் தகடு ஒன்று வைத்து மூடுகிறார்கள். முன்னால் விழும் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிப் போய் அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வரும். பச்சையோ சிவப்போ நீலமோ உள்ளிருந்து எரிகிற மாதிரி தெரிவது அதனால்தான். மரகதத் துண்டுமேல் தங்கம் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வைப்பதும் அதுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி, வாங்கலாமா?

கண்காட்சிகளில் தேவா என்று விற்பதில் நிறைய போலி உண்டு. பித்தளைத் தகட்டை மெஷினில் அச்சு வெட்டி, தங்க முலாம் பூசி, வண்ணக் கண்ணாடியிலோ அக்ரிலிக்கிலோ பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். நகை பார்க்கும் லென்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். போலியில் பசை ஓரத்தில் கசிந்து மினுங்கும், தகட்டின் விளிம்பு கண்ணாடியிலிருந்து படி மாதிரி தனித்துத் தூக்கி நிற்கும். அசலில் தங்கம் கண்ணாடியில் இறங்கி உட்கார்ந்திருக்கும். அடுத்தது, ஒரே மாதிரி இரண்டு பதக்கம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு யானையும் தும்பிக்கை வளைவுவரை அச்சாக ஒன்றுபோலவே இருந்தால் அது மெஷின். கையால் வெட்டியதில் ஒரு யானைக்காவது வால் கொஞ்சம் குட்டையாக இருக்கும். காதணி ஜோடியிலேயே இதைப் பார்க்கலாம்.

ஹால்மார்க் முத்திரையை எதிர்பார்த்துப் பார்க்காதீர்கள். 2 கிராமுக்குக் குறைவான தங்கப் பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, இதில் தங்கம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள சட்டமும் வளையமும் பல நேரம் முலாம் பூசிய வெள்ளி. அதனால் சட்டம் என்ன, ஜாலி என்ன என்று தனித்தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். நான் கொடுத்த பணத்தில் தங்கத்தின் மதிப்பு பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். நம் ஊரில் செய்கூலி, சேதாரம் என்று நூற்றுக்கு இத்தனை போட்டாலே சண்டைக்குப் போவோம். இது முழுக்கச் செய்கூலிதான். அந்த மனசோடு வாங்க முடிந்தால் வாங்குங்கள். பெண்ணுக்குச் சேர்த்து வைக்கலாம், அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால்கூட வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தங்கக் காசு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் கதையை முடிக்கவில்லை. பொன் எங்கே என்று கேட்டவர், அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. பதக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, "கொக்கி இல்ல, பசை இல்ல, பொடி வச்ச இடமும் தெரியல. எப்படிப் புடிச்சிருக்கான்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பொடி என்பது பட்டறையில் பற்றாசுக்கு, அதாவது உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கலவைக்கு, சொல்வது. நான் சூடு, கண்ணாடி என்று விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவரே கண்டுபிடிக்க வேண்டுமாம். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "கண்ணாடியத்தான் இளக்கிருக்கான், தங்கத்தத் தொடவே இல்ல" என்றார்.

பராமரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் பட்டதால் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு மற்ற நகைகளோடு இதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பின்னால் இறங்கி வெள்ளித் தகட்டைக் கறுக்க வைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் யானையின் பின்னங்கால் பக்கம் பச்சை செத்து, பாசிக்குளம் மாதிரி ஆகிவிட்டது. வாங்கும்போதே தண்ணீர் படக்கூடாது, சென்ட் அடிக்கக்கூடாது, பஞ்சு வைத்துத் துடைத்தால் போதும் என்று பட்டறைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். கேட்காதது என் தப்பு.

இங்கே தெரிந்த ஒரு பத்தரிடம் காட்டினேன். பின்மூடியைத் திறந்தால் கண்ணாடி என்ன ஆகும் என்று தெரியாது, கை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. அண்ணியைவிட்டு அந்தப் பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டோம். தகடு மாற்றித் தரலாம், ஆனால் கூரியரில் அனுப்பாதீர்கள், யாராவது வரும்போது கையில் கொடுத்தனுப்புங்கள் என்றார்களாம். அண்ணன் ரிடையர் ஆகி ஊருக்கு வந்துவிட்டதால் அந்தப் பக்கம் போக ஆள் இல்லை. பதக்கம் பஞ்சில் சுற்றி அப்பாவின் கல் டப்பாவில் இருக்கிறது.