ஜெட்ஃபயரின் ஒரு இறக்கை மட்டும் மஞ்சளானால்

உங்கள் ஜெட்ஃபயரில் (விமானமாகவும் ரோபோவாகவும் மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை) ஒரு இறக்கை மட்டும் மஞ்சளாக இருக்கிறதா? வேறு பொம்மையின் இறக்கையை யாரோ மாட்டிவிட்டார்கள் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். 1985 ஜெட்ஃபயரில் ஒரு இறக்கை மட்டும் மஞ்சளாவது ரொம்ப சாதாரணம், என்னுடையதிலும் இடது இறக்கை வெண்ணெய் நிறம், வலது பால் வெள்ளை.

பெரும்பாலும் காரணம் வெயில்தான். ஜன்னல் பக்கம் எந்தப் பக்கம் இருந்ததோ அது முதலில் மஞ்சளாகும். இந்தப் பொம்மையின் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரிலும் சூட்டிலும் அப்படித்தான் மாறும்.

ஒன்று செய்து பாருங்கள். இறக்கையை முழுதாக முன்னால் விரித்து, மடக்கும்போது உடலுக்குள் ஒளிந்துகொள்ளும் அந்தச் சின்ன மூலையைப் பாருங்கள். அங்கே மட்டும் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் வெயில் வேலை. அங்கேயும் ஒரே மஞ்சள் என்றால் பிளாஸ்டிக் கலவை அல்லது சூடு, இல்லை நீங்கள் சந்தேகப்பட்டபடி மாற்றிய இறக்கை. பிளாஸ்டிக்கில் டகடோகு என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். மாக்ராஸ் கார்ட்டூன் தொடரில் வரும் வால்கிரி போர் விமானத்துக்கு ஜப்பானில் அந்த நிறுவனம் செய்த பொம்மையின் வார்ப்பு அச்சுதான் இது, அதைத்தான் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ ஜெட்ஃபயராக விற்றது. பின்னால் வந்த ஜெட்ஃபயர்களில் பண்டாய் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும், ஆனால் ஸ்டிக்கர், திருகு, சிவப்புப் பாகம் எதுவும் அதில் படக்கூடாது, கையுறை கட்டாயம். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருந்தால் நான் தொடவே மாட்டேன்.