மரபணுச் சோதனையும் பாரிசவாதமும்

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வயது 39. அப்பாவுக்கு 58 வயதில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. மாமிக்கும் அதே வருத்தம். போன மாதம் இரத்தம் சோதித்ததில் எனக்கு சி.ஆர்.பி. 4.2 என்று வந்தது. அழற்சிப் புரதங்களின் மரபணுக்களைப் பார்த்து, பாரிசவாதம் வருமா என்று சொல்லும் சோதனை இருக்கிறதாம். கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். நானும் தம்பியும் செய்துகொள்ளலாமா? தம்பி சிகரெட் பிடிப்பவன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். காசைக் கையில் வைத்திருங்கள். இந்த ஆராய்ச்சி உண்மையிலேயே அருமையானது. அதைக் காட்டி, பயந்திருப்பவர்களிடம் காசு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சி.ஆர்.பி. ஈரலில் உருவாகும் புரதம். உடலில் எங்காவது அழற்சி (கிருமிக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்ப்பு, வீக்கம்) இருந்தால் அது ஏறும். அது கூடியவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் அதிகம் வருவது நெடுங்காலமாகத் தெரியும். ஆனால் அதே ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் தொந்தி, சிகரெட், நீரிழிவு எல்லாம் இருக்கின்றன. அப்படியென்றால் குற்றவாளி எது? இங்கேதான் மரபணு உதவிக்கு வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரக்கும். தாய் தகப்பனிடம் இருந்து தற்செயலாக வரும் அந்த அமைப்பை சிகரெட்டோ சாப்பாடோ மாற்றாது. சி.ஆர்.பி.தான் இரத்தக்குழாயைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு நோயும் கூடியிருக்க வேண்டும். 2008இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் பல்லாயிரம் பேரில் இதைப் பார்த்தார்கள். மரபணுவால் சி.ஆர்.பி. 64 சதவீதம் வரை ஏறியிருந்தும், இதயத்திலோ மூளையிலோ இரத்தக்குழாய் அடைப்பு கூடவில்லை.

அப்போ அழற்சிக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஒரு படி மேலே. சி.ஆர்.பி.யைச் சுரக்கும்படி ஈரலை ஏவுவது இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம். அதன் வேலை பிறவியிலேயே கொஞ்சம் மந்தமாக உள்ளவர்களுக்கு இதயநோயும், அடைப்பால் வரும் பாரிசவாதமும் சற்றுக் குறைவு. 2017இல் வெளிவந்த கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரில், இன்டர்லூக்கின்-6க்கும் மேல்படியில் நின்று அதைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 15 சதவீதம் இறங்கியது. உயிரைக் கொண்டுபோகும் தொற்றுகள் கூடின. பாரிசவாதத்தைத் தனியாக எடுத்தால் தெளிவான பலன் இல்லை.

இவை மருந்து தேடுபவர்களுக்குப் பொன்னான தகவல்கள். ஆனால் இலட்சம் பேரைச் சேர்த்தால் மட்டும் தெரியும் வித்தியாசத்தை வைத்து, வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவருக்கு எதையும் சொல்ல முடியாது. உங்கள் 4.2கூட ஒரு தடிமனாலோ ஈறு வீக்கத்தாலோ வந்திருக்கலாம். இரண்டு கிழமை சுகமாக இருந்தபின் திரும்பப் பாருங்கள். (ஒற்றை மரபணுவால் வரும் அரிய பாரிசவாதங்கள் வேறு கதை. குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்கு வந்திருந்தால் நரம்பியல் வைத்தியரிடம் கேளுங்கள்.)

32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றக்கூடிய பத்துக் காரணிகளுக்கே பாரிசவாதத்தில் ஏறத்தாழ 90 சதவீதப் பங்கு என்றது. முதலிடம் பிரஷருக்கு. மேல்கையில் கட்டும் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள். தேத்தண்ணீர் குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். கால் இரண்டும் நிலத்தில் பட, முதுகு சாய்ந்து, கையை மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து அளவிடுங்கள். காலையும் மாலையும் ஒரு கிழமை எழுதி வையுங்கள். சராசரி 135/85ஐ எட்டினால் அந்தத் தாளோடு டொக்டரிடம் போங்கள். குளிசை தந்தால், சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எங்கள் ஆட்கள் பாதியில் நிறுத்திவிட்டு விழுவதை நிறையப் பார்த்துவிட்டேன், மனம் ஆறுவதில்லை.

தம்பிக்கும் இதே மெஷின் போதும். அவர் முதலில் சிகரெட்டை விடட்டும். எந்த மரபணு முடிவு வந்தாலும் டொக்டர் அவருக்கு அதைத்தான் சொல்லப்போகிறார்.