போலியோ ஒழிந்த பிறகும் குழந்தைக்குச் சொட்டு மருந்தும் ஊசியும் ஏன்?

இந்தியாவில் கடைசியாகக் காட்டு வைரஸால், அதாவது இயற்கையில் பரவும் போலியோ வைரஸால், நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்துக் குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மூன்று வகைப் போலியோ வைரஸில் 1ஆம் வகை இன்னும் சுற்றுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது என்பதால், அது எல்லை தாண்டி வந்தால் உடனே கண்டுபிடிக்க முடியாது.

சொட்டு மருந்தும் ஊசியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கிப் பரவலை மட்டுப்படுத்தும். ஊசி, கைகால் செயலிழக்கும் வாதம் வராமல் நன்றாகக் காக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது.

சொட்டு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. அதிலிருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் அதிகமுள்ள ஊரில் அது மாதக்கணக்கில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவினால், மாற்றமடைந்து வாதம் தரும் வைரஸாகிவிடும். இப்படிப் பரவியதில் பெரும்பங்கு 2ஆம் வகைக்கே. அந்த வகையின் காட்டு வைரஸ் 1999க்குப் பிறகு எங்கும் காணப்படாததால், 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து அதை நீக்கினார்கள். இப்போது அந்த வகைக்கு உங்கள் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஊசி மட்டுமே. அதைத் தவறவிடவே கூடாது.

அரசு அட்டவணைப்படி பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில் இரண்டிரண்டு சொட்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்கத் தவணை. ஊசி 6, 14 வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும், தோலுக்குள் 0.1 மில்லி.

சொட்டு மருந்துக் குப்பியில் உள்ள வெப்பக் குறியையும் கவனியுங்கள்: வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்திருந்தால், வெப்பத்தால் மருந்து கெட்டிருக்கிறது. ஊசி மருந்துக்கு நேர்மாறான ஆபத்து, அது உறைந்தால் வீண்.