பாராசிட்டமால் மாத்திரையின் பயன்கள், பக்கவிளைவுகள் என்ன?

காய்ச்சலைக் குறைக்கும். தலைவலி, உடம்புவலி, பல்வலிக்குக் கேட்கும். காய்ச்சல் எதனால் வந்ததோ அதை இது தொடாது. டோலோ, க்ரோசின், கால்பால் என்று அட்டையில் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான். அதைக் கவனிக்காமல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். 650 மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று நான்தான் கொடுத்தேன். அவரோ சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை மூன்று வேளையும், வழக்கமான மூட்டுவலி மாத்திரையைக் காலையும் இரவும் தானாகப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சோற்றைக் கண்டாலே குமட்டல். அட்டைகளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சளி மாத்திரையில் எறும்பு மாதிரி எழுத்தில் பாராசிட்டமால் 500. மூட்டுவலி மாத்திரையில் 325. கூட்டினால் ஒரு நாளைக்கு 4,750 மில்லிகிராம்! நல்ல திடமான பெரியவர்களுக்கே உச்சவரம்பு 4,000. அப்பாவின் எடை 48 கிலோ. அவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருக்க வேண்டும். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஈரல் நொதிகள் ஏறியிருந்தன. இறங்க இரண்டு வாரம் ஆனது.

அளவோடு போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வயிற்றையும் புண்ணாக்காது. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமையால் தோல் தடிக்கும். அளவு மீறினால் அடி ஈரலுக்குத்தான். இந்த மருந்தை ஈரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும். குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறித்துவிடும். மருந்து மிதமிஞ்சினால் குளுட்டாதயோன் தீர்ந்து, நச்சு ஈரலைத் தாக்கும். தினமும் குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் அந்த இருப்பே குறைவு.

குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றிவிடாதீர்கள். அப்புறம், டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

யாராவது அதிகமாகப் போட்டுவிட்டால், "நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஈரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வரும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் மிக நன்றாக வேலை செய்யும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.