நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுக்கு பாஸ்டன் டிவியில் விளம்பரம் ஏன்?

அமெரிக்க அதிபர் பிரைமரியின்போது, அதாவது கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலின்போது, நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கான விளம்பரம் பக்கத்து மாநிலத்து பாஸ்டன் சேனல்களில் ஏன் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே டிவி சந்தைகள், அதாவது ஒரு நகரத்துச் சேனல்கள் சென்றடையும் பகுதிகள், மாநில எல்லையை ஒட்டிப் பிரிக்கப்படவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் மக்கள் நெருக்கமாக வாழும் தென்பகுதி பாஸ்டன் சந்தைக்குள் வருகிறது. மான்செஸ்டரில் டபிள்யூஎம்யூஆர் என்ற செல்வாக்கான உள்ளூர் நிலையம் இருக்கிறது. ஆனால் பாஸ்டன் சேனல் பார்ப்பவர்களையும் விட்டுவிட முடியாதே! அதனால் அந்தப் பிரைமரியில் ஓட்டே இல்லாத மாசசூசெட்ஸ்காரர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, விலை? இதுதான் முக்கியம். பிரைமரிக்கு முந்தைய 45 நாட்களில் வேட்பாளரிடம் நிலையம் தன் மிகக் குறைந்த கட்டணத்தையே வாங்க வேண்டும். அவருடைய விளம்பரத்தைத் தணிக்கை செய்யவும் கூடாது. வேட்பாளரைச் சாராமல் தனியாக வரம்பின்றி நன்கொடை திரட்டிச் செலவிடும் சூப்பர் பேக் குழுக்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே நிகழ்ச்சி இடைவேளைக்கு அவை பல மடங்கு கொடுப்பதுண்டு. என்னைக் கேட்டால், பெரிய நன்கொடையாளர்களின் பலத்தைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்தும் நல்ல விதி இது.

பணம் மட்டும் போதாது என்பதற்கு 2020 சாட்சி: ஜனநாயகக் கட்சி பிரைமரியில் போட்டியிட்ட பெரும் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் விளம்பரத்துக்கே 50 கோடி டாலருக்கு மேல் கொட்டினார், ஜெயித்தது பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவாவில் மட்டும்.